தபர்னா என்னும் அரசப் பெயர்



களிமண்ணிற் பதிந்த ஒரு முத்திரையை முதலில் மனக்கண்முன் கொண்டுவாருங்கள். வட்டமான முத்திரை. நடுவிலே சில மங்கலக் குறிகள். அவற்றைச் சூழ்ந்து வளையமாக ஆப்பெழுத்துக்கள் ஓடுகின்றன. இது பேரரசனாகிய தபர்னாவின் முத்திரை என்றும், அவன் சொல்லை மாற்றுபவன் சாவான் என்றும் அவ்வெழுத்துக்கள் அறிவிக்கின்றன. முத்திரை பதிந்த களிமண் ஏட்டிலே ஒருவனுக்கு வயலும் தோட்டமும் வீடும் வழங்கப்பட்ட செய்தி எழுதப்பட்டிருக்கின்றது. ஏட்டின் முடிவில் தபர்னாவின் சொல் இரும்பாலாயது, அதனை எறிதலும் ஆகாது, முறித்தலும் ஆகாது என்ற கருத்தில் ஓர் எச்சரிக்கை வருகின்றது. இரும்பு அரிதாயிருந்து, வெண்கலமே பெருவழக்காயிருந்த காலம் அது. எனவே இரும்பு போன்ற சொல் என்பது பெருஞ்சிறப்பான பேச்சு.

இத்தகைய முத்திரைகள் பலவற்றிலே அரசனுடைய இயற்பெயர் இல்லை. தபர்னா என்ற சொல் ஒன்றே உண்டு. யார் இந்தத் தபர்னா? அது ஒரு மனிதனின் பெயரா, பதவியின் பெயரா? எந்த மொழிச் சொல்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இம்முத்திரைகளை இட்டவர்கள் ஹித்தைத்தர் எனப்படும் மக்களின் மன்னர்கள். கிறித்தவ வேதாகமத்தைத் தமிழிற் படித்தோர் ஏத்தியர் என்ற பெயரை அறிவர். தாவீதின் படைவீரனான உரியா ஏத்தியனே. அப்பெயரும் ஹத்தி என்ற பழைய நாட்டுப் பெயரோடு தொடர்புடையது. ஹத்தி நாடு இன்றைய துருக்கியின் நடுப்பகுதியிலே இருந்தது. அதன் தலைநகர் ஹத்தூசா. அங்காராவுக்குக் கிழக்கே, முன்னர் பொகாஸ்கொய் என வழங்கிய ஊரின் அருகே, அந்நகரத்தின் மதில்களும் வாயில்களும் இன்றும் நிற்கின்றன. 1906ஆம் ஆண்டில் ஹூகோ விங்க்ளர் என்ற ஜெர்மானிய அறிஞரும் தியோடர் மக்ரிடியும் அங்கே அகழத் தொடங்கினர். ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகளும் அவற்றின் துண்டுகளும் வெளிவந்தன. 1915இல் பெட்ரிச் ஹ்ரோஸ்னி என்னும் செக் நாட்டு அறிஞர் ஹித்தைத்து மொழி இந்தோ ஐரோப்பிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று எடுத்துக் காட்டினார்.

ஆனால் அந்த ஏடுகள் ஒரு மொழியில் மட்டும் எழுதப்பட்டவையல்ல. எமில் ஃபோரர் என்பவர் 1919இல் அவற்றிலே எட்டு மொழிகளின் சான்று உண்டென்று கணக்கிட்டார். 2023ஆம் ஆண்டிலும் முன்பு அறியப்படாத இன்னொரு மொழி அவ்விடத்து ஏடொன்றிலிருந்து வெளிப்பட்டது. ஹத்தூசாவின் எழுத்தர்கள் மொழிகளை மயங்கவிடவில்லை. ஒரு வழிபாட்டுப் பாடலை எழுதும்போது, பாடுவோன் இதனை லூவிய மொழியிலே சொல்வான், இதனை ஹத்திய மொழியிலே சொல்வான் என்று பெயர் குறித்தே எழுதினர்.

இவற்றுள் நமக்கு வேண்டியவை மூன்று மொழிகள். முதலாவது ஹித்தைத்து மொழி. அதனைப் பேசியோர் தம் மொழியை நேசா என்ற ஊரின் மொழி என்றே அழைத்தனர். இரண்டாவது, அம்மொழி வருமுன்னரே அந்நாட்டில் வழங்கிய ஹத்தியம். நாட்டுக்கு ஹத்தி என்ற பெயர் அம்மக்களால் வந்தது. இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தோடு அதற்கு உறவில்லை. மூன்றாவது லூவியம். அது ஹித்தைத்து மொழிக்கு நெருங்கிய உறவுடையது. தெற்கிலும் மேற்கிலும் வழங்கியது. ஆப்பெழுத்தில் மட்டுமன்றிப் பாறைகளிலும் முத்திரைகளிலும் பொறித்த சித்திர எழுத்திலும் லூவியம் எழுதப்பட்டது.

இனி நம் சொல்லுக்கு வருவோம். இச்சொல் ஏடுகளில் இரண்டு வடிவங்களில் வருகின்றது. ஒன்று தபர்னா, மற்றொன்று லபர்னா. முதலெழுத்து மட்டும் தகரமாகவும் லகரமாகவும் மாறி நிற்கின்றது. அக்காதிய மொழியில் எழுதப்பட்டவற்றிலும் ஹத்திய மொழிப் பகுதிகளிலும் தபர்னா என்றே பெரும்பாலும் காணப்படும். வடக்கே வழங்கிய பலா நாட்டு மொழியிலும் தபர்னாவே. ஹித்தைத்து மொழியிலே தான் லபர்னா என்ற வடிவம் ஓங்கி நிற்கின்றது.

இவ்விரு வடிவங்களையும் ஒரே ஏட்டில், அடுத்தடுத்து, காணும் வாய்ப்பு நமக்குண்டு. கி.மு. 1500ஐ அண்டி ஆண்டவன் தெலிபினு என்ற மன்னன். அரச குடும்பத்தினர் ஒருவரையொருவர் கொன்று பட்டம் பறித்த கொடுமையை நிறுத்த விரும்பி, அரசுரிமை இன்ன முறையிற் செல்லவேண்டும் என்று அவன் ஒரு சட்டம் செய்தான். அச்சட்டத்தின் தொடக்கத்திலே பேசுபவன் தபர்னா தெலிபினு என்னும் பேரரசன். அவன் தன் முன்னோர் வரலாற்றைச் சொல்லத் தொடங்குகின்றான். முன்னாளிலே லபர்னா பேரரசனாயிருந்தான். அவன் மக்களும் உடன்பிறந்தாரும் சுற்றத்தாரும் ஒன்றுபட்டிருந்தனர். நாடு சிறிது, ஆனால் படையெடுத்த இடமெல்லாம் வென்று கடலையே எல்லையாக்கினான் என்கின்றான். இங்கே தபர்னா என்பது பேசும் மன்னனுக்குப் பட்டம். லபர்னா என்பது மூதாதை ஒருவனுக்குப் பெயர். ஒரே சொல் ஒரே ஏட்டில் இருவகையாக நிற்கின்றது.

இன்னும் பின்னே சென்றால் மயக்கம் மிகுகின்றது. கி.மு. 17ஆம் நூற்றாண்டின் மன்னன் முதலாம் ஹத்தூசிலி, நோயுற்றுக் கிடந்தபோது அவையோரைக் கூட்டிச் சொன்ன இறுதி உரை ஹித்தைத்து மொழியிலும் அக்காதிய மொழியிலும் நமக்குக் கிடைத்துள்ளது. தன் சகோதரியின் மகனை இளைய லபர்னா எனப் பெயரிட்டுத் தன் வாரிசாக்கியதாகவும், அவன் இரக்கமற்றவனாக நடந்தமையால் அவனை நீக்கி முர்சிலி என்ற சிறுவனை வாரிசாக்குவதாகவும் அவன் சொல்கின்றான். அவ்வுரையிலேயே பழைய நிகழ்ச்சி ஒன்றையும் நினைவூட்டுகின்றான். தன் பாட்டன் தன் மகனான லபர்னாவைச் சனாவிட்டா என்ற ஊரிலே வாரிசாக அறிவித்தான் என்றும், பெருமக்கள் அதனை மதியாமல் வேறொருவனை அரசிருத்தினர் என்றும் கூறுகின்றான். பேசுகின்ற மன்னனுக்கும் தபர்னா என்பதே பட்டம். ஆகவே பாட்டனின் மகன் லபர்னா. பேசும் மன்னன் தபர்னா. நீக்கப்பட்ட வாரிசும் லபர்னா.

இதனை விளங்கிக்கொள்ள உரோம வரலாறு உதவும். சீசர் என்பது முதலில் ஒரு குடும்பப் பெயர். யூலியஸ் சீசரின் புகழாலும் அவன் வாரிசான ஒகுஸ்தஸின் ஆட்சியாலும் அது மன்னர்களின் பட்டமாயிற்று. பின்னர் ஜெர்மனியில் கைசர் என்றும் உருசியாவில் சார் என்றும் வழங்கிற்று. லபர்னா என்னும் முதல் மன்னனின் பெயரும் அவ்வாறே பட்டமாகியிருக்கலாம் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்து. ஆனால் இதற்கு மறுதலையும் கூடும். ஆள்பவன் என்ற பொருளுடைய சொல் முதலிலே பதவிப் பெயராயிருந்து, பின்வந்தோர் அதனை முதல் மன்னனுக்கு இயற்பெயராகக் கொண்டிருக்கலாம். எது முந்தியது என்பதைச் சொல்லின் பிறப்பு காட்டக்கூடும். அதனாலேயே அறிஞர்கள் இதன் வேரைத் தேடினர்.

ஹித்தைத்து மொழியிலே இதற்கு வேர் இல்லை. அம்மொழியில் ஆட்சி செய்தல், பொறுப்பேற்று நடத்துதல் என்ற பொருளுக்கு மனியாஹ் என்பதை அடியாகக் கொண்ட வினை உண்டு. பழைய வேண்டுதல் ஒன்று நாடும் வானும் மண்ணும் மக்களும் புயற்கடவுளுக்கு உரியன என்றும், அக்கடவுள் லபர்னாவைத் தன் நாட்டை நடத்துவோன் ஆக்கினான் என்றும் கூறுகின்றது. அங்கே நடத்துதலைக் குறிப்பது அந்த ஹித்தைத்துச் சொல்லே. லபர்னா என்ற பட்டத்துக்கும் அதற்கும் ஒலியில் எவ்வித உறவும் இல்லை.

லூவியத்திற்குச் சென்றால் நிலைமை வேறு. அங்கே தபர் என்ற வினையடி உண்டு. ஆளுதல், ஆணையிடுதல் என்பது அதன் பொருள். பகரத்தின் வல்லொலி மெல்லொலி வேற்றுமையை ஹத்தூசாவின் எழுத்தர்கள் எழுத்திலே பெரிதும் பொருட்படுத்தவில்லை. நமது பகரமும் இரண்டொலிக்கும் நிற்பதல்லவா? ஆதலால் தபர் என்ற வினையும் தபர்னா என்ற பட்டமும் ஒலியிலும் பொருளிலும் பொருந்தி வருகின்றன. அந்த அடியிலிருந்து தபரியல்லி என்ற சொல்லும் பிறந்தது; ஆளுநன், தலைவன் என்பது அதன் பொருள். லூவியரின் சித்திர எழுத்திலே இச்சொற்குடும்பத்தை எழுதுதற்கு முயலின் உருவம் பயன்பட்டது. முயலுக்கும் ஆட்சிக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வியக்கலாம். பொருளால் தொடர்பில்லை. அவ்வுருவத்துக்கு வாய்த்த ஒலியே அவ்விடத்திற் பயன்பட்டது.

இந்த வினை ஹித்தைத்து ஏடுகளுக்குள்ளும் புகுந்தது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ஹத்தூசிலி தன் வாழ்க்கையைத் தானே எழுதுவித்தான். தமையன் முவத்தல்லி தன்னிடம் மேல்நாட்டின் பொறுப்பை ஒப்படைத்தான் என்று கூறுமிடத்திலே மனியாஹ் என்ற சொல்லின் வழிவந்த பெயர் வருகின்றது. அதனைத் தான் ஆண்டேன் என்று கூறும்போதோ தபர் என்ற வினை வருகின்றது. ஒரு மன்னனின் வாயில் ஹித்தைத்துச் சொல்லும் லூவியச் சொல்லும் அருகருகே நிற்கின்றன. அக்காலத்திலே லூவியம் தலைநகரத்துப் பேச்சில் மிகுதியாகக் கலந்துவிட்டது. எழுத்தர்கள் இத்தகைய சொற்கள் பலவற்றின் முன்னே சாய்ந்த ஆப்புக் குறி ஒன்றையோ இரண்டையோ இட்டனர். இது வேற்று வழக்கு என்று காட்டுவது போன்ற குறி அது. லூவியச் சொற்கள் பலவற்றை நாம் இனங்காண அந்தச் சிறு குறியே வழிகாட்டியாயிற்று.

இவற்றைக்கொண்டு, தபர்னா லூவியச் சொல்லே, ஆள்வோன் என்பதே அதன் பொருள் என்று ஒருசாரார் முடிவு செய்தனர். அமெரிக்க அறிஞர் கிரேக் மெல்ச்சர்ட் இக்கருத்துக்கு வலுவளித்தவர்களுள் ஒருவர். தபர் என்ற அடியை வீரமுடையவன் என்ற பொருளுள்ள டாப்ஃபர் என்னும் ஜெர்மன் சொல்லோடும் ஸ்லாவிய மொழிகளில் நன்மையைக் குறிக்கும் தோப்ர் என்ற அடியோடும் ஒப்பிடுவாரும் உளர். இவ்வாதத்தின் வலிமை வெளிப்படை. சொல்லுக்கு வேரும் உண்டு, பொருளும் உண்டு, கிளைகளும் உண்டு.

ஆனால் ஒரு தடை நிற்கின்றது. தபர் என்பதே வேரானால் லபர்னா என்ற வடிவம் எங்கிருந்து வந்தது? லூவியத்திலே தபர் என்ற வினை லபர் என்று மாறுவதில்லை. ஹித்தைத்து மொழியிலும் சொன்முதலில் நிற்கும் தகரம் லகரமாவது வழக்கமன்று. அம்மொழியினர் தகரத்தை நன்றாகவே ஒலித்தனர். தெலிபினு என்ற பெயரை லெலிபினு ஆக்கவில்லை. இந்த ஒரு சொல்லில் மட்டும் ஏன் இந்தத் தடுமாற்றம்?

இதற்கு மறுசாரார் கூறும் விடை கருதத்தக்கது. ஹித்தைத்தருக்குப் பழக்கமில்லாத ஓர் ஒலி மூலச்சொல்லின் முதலில் இருந்திருக்கவேண்டும் என்பர். அது தகரமுமன்று, லகரமுமன்று. இரண்டின் சாயலும் உடையது. அத்தகைய ஒலி ஹத்தியத்தில் இருந்தது என்றும், ஹத்திய மன்னரின் பட்டத்தையே பின்வந்தோர் மேற்கொண்டனர் என்றும் அவர்கள் கருதுவர். இவ்வாதத்தின் நுட்பத்தை நமக்கு எடுத்துக்காட்டத் தமிழின் ழகரமே போதும். அவ்வொலி இல்லாத மொழியினர் தமிழ் என்பதை லகரச் சாயலோடு ஒலிக்கின்றனர். சிங்களத்திலே அது தெமள ஆயிற்று. சோழமண்டலம் என்ற பெயரை வாங்கிய ஐரோப்பியரோ கொறமண்டல் என்று றகர ஒலியோடு வழங்கினர். ஒரே ழகரம் ஓரிடத்தில் ஒன்றாகவும் வேறிடத்தில் மற்றொன்றாகவும் கேட்டது. தமிழறியாத ஒருவன் இவ்விரண்டு வடிவங்களையும் கண்டால், மூலத்திலே மூன்றாவது ஓர் ஒலி இருந்திருக்கும் என்று உய்த்துணரலாமன்றோ? லபர்னா, தபர்னா என்ற இரட்டை வடிவத்தைக் கண்டோர் செய்த ஊகமும் அத்தகையதே.

ஹத்திய ஏடுகளிலும் இதற்குத் துணை உண்டு. ஹத்தியத்தில் அரசனுக்குப் பெயர் கத்தே. வழிபாட்டு உரைகளிலே தபர்னாவும் கத்தேயும் இணைந்து வருகின்றன. அவற்றுக்கு அருகே எழுதிய ஹித்தைத்து மொழிபெயர்ப்பில் லபர்னா என்று காண்கின்றோம்.

இங்கே இன்னொரு சிக்கலும் எழுகின்றது. பட்டம் ஹத்தியத்திலிருந்து வந்ததாயின், ஆளுதல் என்ற பொருளுடைய தபர் எவ்வாறு லூவியத்தில் வேரூன்றிற்று? பட்டத்திலிருந்தே வினை பிறந்திருக்கலாம் என்பது ஒரு விடை. வேந்தன் செய்வது வேந்து என்று ஆவதுபோல, தபர்னா செய்வது தபர் என்று கொண்டிருக்கலாம். அப்படியாயின் வேர் என்று நாம் கருதியது கிளையாகிவிடும். சொற்களின் உறவைக் காண்பது எளிது; எது தாய், எது சேய் என்று காண்பதே அரிது.

இரு சாராருடைய வாதங்களையும் நிறுத்துப் பார்ப்போம். லூவியத் தரப்பிலே பொருளும் சொற்குடும்பமும் நிற்கின்றன. ஹத்தியத் தரப்பிலே ஒலியின் தடுமாற்றம் நிற்கின்றது. லூவியம் என்போர் லகரத்துக்கு விடை சொல்லவேண்டும். ஹத்தியம் என்போர் வினைச்சொல்லுக்கு விடை சொல்லவேண்டும். வேற்று மொழிச் சொல் ஒன்று கடனாக வரும்போது ஒலி திரிவது உலகியல்பு. ஆனால் திரிந்த ஒலி ஒரு மொழியிலே மட்டும் நிலைபெற்று, மற்றவற்றிலே திரியாமல் நிற்பதற்குக் காரணம் வேண்டும். எந்த ஒரு மொழியிலிருந்து தொடங்கினாலும் சான்றின் ஒரு பகுதி வெளியே நின்றுவிடுகின்றது. ஆதலின் இவ்வழக்கு அறிஞர் அவையிலே இன்னும் முடியவில்லை.

இச்சிறு சொல்லின் பிறப்பைப் பற்றி இத்துணை வாதம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் உண்டு. ஒரு நாட்டின் முதல் மன்னனுடைய பெயர் எந்த மொழிச் சொல்லோ, அந்த இனத்தவரே அந்நாட்டை அமைத்தவர் என்று முடிவு கட்டும் ஆவல் வரலாற்றெழுத்தில் அடிக்கடி தலைகாட்டும். தபர்னா லூவியமாயின் அரச குடி லூவியக் குடி என்பர். ஹத்தியமாயின் வந்தேறிய வெற்றியாளர் மண்ணின் மைந்தரிடம் அரசைப் பறித்தனர் என்பர். ஏடுகளோ இவ்விரண்டையும் சொல்லவில்லை. முதலாம் ஹத்தூசிலி தன்னைக் குசாரா ஊரினன் என்று அழைக்கின்றான். தான் பேசும் மொழியைக்கொண்டு தன்னை அழைத்தானல்லன். ஆட்சியுரிமைக்குச் சான்றாக அவன் காட்டியதும் மொழியன்று. தவனன்னா என்ற அரசியின் உடன்பிறந்தான் மகன் என்பதையே காட்டினான். ஹத்தியரின் கடவுளரை ஹத்திய மொழியிலே வழிபட்டவர்கள், லூவிய மந்திரத்தை லூவியத்திலே ஓதுவித்தவர்கள், தம் சட்டத்தை நேசாவின் மொழியிலே எழுதியவர்கள், அயல்நாட்டு வேந்தரோடு அக்காதியத்திலே உடன்படிக்கை செய்தவர்கள், எல்லோரும் ஒரே அரசின் எழுத்தர்களே. அவ்வரசுக்கு ஒரு பட்டம் வேண்டியபோது அது எந்த வாயிலிருந்து வந்தது என்பதைவிட, எல்லா வாய்களும் அதனை ஒலித்தன என்பதே நாம் உறுதியாக அறிவது. பலவாறு ஒலித்தமையாலேயே லபர்னாவும் தபர்னாவும் நமக்கு எஞ்சின.

அப்பட்டம் நெடுங்காலம் நின்றது. 1986இல் ஹத்தூசாவின் தென்வாயிலின் அருகே வெண்கலத் தகடொன்று கண்டெடுக்கப்பட்டது. நான்காம் துதாலியா என்ற மன்னன் தன் உறவினனான குருந்தாவோடு செய்த உடன்படிக்கை அதிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. அதன் தொடக்கத்திலும் பேசுபவன் தபர்னா துதாலியாவே. முதலாம் ஹத்தூசிலிக்கும் அவனுக்கும் இடையே 400 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதன்பின் ஓரிரு தலைமுறையில், கி.மு. 1200ஐ அண்டிய காலத்தில், பேரரசு குலைந்தது, ஹத்தூசா கைவிடப்பட்டது. ஆப்பெழுத்தில் ஹித்தைத்து மொழியை எழுதுவோரும் இல்லாதொழிந்தனர். தெற்கிலும் சிரியாவின் வடக்கிலும் எழுந்த சிற்றரசுகள் தம் கல்வெட்டுக்களை லூவியத்திலே, சித்திர எழுத்திலே பொறித்தன.

அச்சிற்றரசுகளுள் ஒன்று அமூக் சமவெளியிலே, பதினா என அசிரியர் குறித்த நாடு. அதன் தலைநகர் இன்று தெல் தாயினாத் என வழங்கும் மேட்டிலே புதைந்துள்ளது. 2012இல் அங்கே சுப்பிலுலியூமா என்ற பழம்பேரரசர் பெயரைத் தாங்கிய மன்னன் ஒருவனின் சிலை வெளிவந்தது. அந்நாட்டின் வேறொரு மன்னன் கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அசிரிய வேந்தன் இரண்டாம் அசூர்நசிர்பாலுக்குத் திறை செலுத்தினான். மூன்றாம் சல்மனேசரின் ஆட்சியில், கி.மு. 831ஐ அண்டி, அதே பெயருடைய பின்னொருவனை அந்நாட்டு மக்களே கொன்றனர். அசிரியக் கல்வெட்டுக்கள் அவ்விருவருக்கும் தரும் பெயர் லுபர்னா.

ஹத்தூசாவின் மன்னர்கள் தம் இயற்பெயரையும் விடுத்து முத்திரையிலே பொறித்த பட்டம், 700 ஆண்டுகளுக்குப் பின் ஒரு சிற்றரசனின் இயற்பெயராக நின்றது. அவன் சொல் இரும்பாயிருக்கவில்லை. அவன் பெயர் மட்டும், அவனைத் திறைகொண்டோரின் கல்லிலே, லகரத்தோடு நிலைத்திருக்கின்றது.